பாட்டில்லாமல் ருஸ்தம்–சொஹ்ராப் கதையைச் சொல்ல முடியுமா? பாரசீகச் செவ்வியல் கருவி இசை பற்றி

தந்திவாசி:

எல்லோருக்கும் வணக்கம். வயலினில் வளர்ந்தவன் நான், இப்போது கமாஞ்சே என்ற பாரசீக வில் வாத்தியம் பழகுகிறேன். ஓர் ஈரானிய ஆசிரியரிடம் இணையவழியில் ரதீஃப் பாடம் போகிறது. ரதீஃப் என்ற மரபு மெட்டுத் தொகுப்பு தெரியாதவர்களுக்கு: ஏழு தஸ்த்கா (நம் ராகம் போன்ற சுர அமைப்பு), அவற்றின் கிளைகளாக ஐந்து ஆவாஸ், ஒவ்வொன்றுக்குள்ளும் குஷே எனப்படும் சின்னச் சின்ன மெட்டுத் துண்டுகள். எல்லாவற்றையும் வரிசை மாறாமல் மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்கு அப்புறம்தான் சொந்தமாக எதுவும்.

ஆசிரியர் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். பாரசீக வீரகாவியமான ஷாநாமாவிலிருந்து ஒரு கதைப்பகுதியை எடுத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் கருவி இசையாக அமைக்க வேண்டும். பாட்டு கூடாது, வசனம் கூடாது. கமாஞ்சே, சந்தூர் (சின்னச் சுத்தியலால் தட்டும் தந்திக் கருவி), நே (அதாவது அவர்களுடைய நாணல் குழல்), தொம்பக் (விரலால் வாசிக்கும் தோல் கருவி), இந்த நான்கு மட்டும்.

ருஸ்தம்–சொஹ்ராப் கதையை எடுத்திருக்கிறேன். சமங்கானில் ஈரானின் பெருவீரன் ருஸ்தம் ஓர் இரவு தங்குகிறான், அந்த ஊர் இளவரசி தஹ்மீனேயிடம் அடையாளமாக ஒரு கல்மணியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். பிறக்கும் மகன் சொஹ்ராப் அதைக் கையில் கட்டிக்கொண்டு, ஈரானின் எதிரி நாடான தூரானின் படையோடு அப்பாவைத் தேடி வருகிறான். இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் மல்லுக்கட்டுகிறார்கள். முதலில் மகன் அப்பாவை வீழ்த்துகிறான், அப்பா தந்திரமாகப் பேசித் தப்பிக்கிறார். அடுத்த முறை அப்பா வீழ்த்துகிறார், உடனே குத்திவிடுகிறார். அதற்குப் பிறகுதான் அந்த மணி கண்ணில் படுகிறது.

தொம்பக்கில் குதிரைக்குளம்பு, சந்தூரில் ஆயுத மோதல், நேயில் சொஹ்ராபின் கடைசி மூச்சு. இப்படித்தான் இப்போதைக்கு யோசித்து வைத்திருக்கிறேன். இது போதுமா? இதைவிட உள்ளே போக வழி இருக்கிறதா?

குட்டிச்சுவர்:

வம்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். தலைப்பை மறைத்துவிட்டுப் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டினால் யாராவது "இது அப்பன் மகனைக் கொன்ற கதை" என்று சொல்வார்களா? ஒருவர் மழை என்பார், இன்னொருவர் ரயில் என்பார். கருவி இசையில் கதை என்பதெல்லாம் இசைத்தட்டு உறையின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் நாலு வரிதான். அதைப் படித்துவிட்டுக் கேட்பதால் கதை கேட்கிறது.

பழைய_கேசட்:

குட்டிச்சுவர் தம்பி ரயில் என்று சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. ஹொசைன் தெஹ்ரானி (1912–1974) தொம்பக்கில் ரயிலையே ஓட்டிக் காட்டியவர்! தோல் கருவியைத் தனிக் கச்சேரிக் கருவியாக உயர்த்தியவர் அவர்தான். ரயில் கிளம்பி, வேகம் பிடித்து, நிலையத்தில் வந்து நிற்கும் வரை எல்லாம் விரல்தான். அதற்குத் தலைப்பே வேண்டாம், குழந்தை கூடக் கண்டுபிடிக்கும்.

தந்திவாசி தம்பிக்கு: ஈரானில் இப்படி எழுதும் பழக்கம் நூறு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட இருக்கிறது. அலி-நகி வஸீரி 1923-ல் தெஹ்ரானில் இசைப்பள்ளி தொடங்கினார். தார் என்ற தந்திக் கருவிக்கு அவர் எழுதிய ஒரு துண்டின் பெயர் கழைக்கூத்தாடி. அவருடைய மாணவர் அபொல்ஹசன் சபா (1902–1957) 1927 வாக்கில் ரஷ்த் நகரத்துக்கு இசைப்பள்ளி நடத்தப் போனார். போன இடத்தில் கீலான் மலைப்பக்க மெட்டுகளைக் காதில் வாங்கிக்கொண்டு வந்தார். அதில் பிறந்ததுதான் மஞ்சள் குருவி என்ற வயலின் துண்டு. கூண்டில் என்று ஒன்று, ஒட்டகக் கூட்டம் போவது போல இன்னொன்று. எல்லாம் சின்னச் சின்னச் சித்திரம். கதை என்று சொல்ல மாட்டேன். ஒரு காட்சி, அவ்வளவுதான்.

அரைக்கால்_சுரம்:

நான் செதார் என்ற தந்திக் கருவி கற்பவன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குட்டிச்சுவர் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் கதையை அவர் தகவலாகவே பார்க்கிறார்: யார், யாரை, எங்கே, எதற்கு. அந்தத் தகவலை எந்த இசையும் சொல்லாது. தஸ்த்கா சொல்வது வேறொன்று. அதற்குள்ளேயே ஒரு நடை இருக்கிறது. தராமத் என்ற வாசலில் தொடங்குகிறோம், அங்கேதான் வீடு. குஷே குஷேயாக மேலே ஏறுகிறோம். முக்கியமான ஒவ்வொரு குஷேயும் வேறொரு சுரத்தில் காலூன்றி நிற்கும். உச்சத்துக்குப் பெயர் ஔஜ். ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் ஃபொரூத் என்ற இறங்கும் வாக்கியம் நம்மை வாசலுக்கே கொண்டுவந்து விடும். ரதீஃப் கேட்டுப் பழகிய காதுக்கு, இரண்டு குஷே தாண்டியதுமே உடம்பு ஃபொரூதை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடும்.

கதை சொல்கிறவனுக்கு அந்த எதிர்பார்ப்புதான் கைமுதல். இறக்கத்தைக் கொடுக்கலாம், தள்ளிப் போடலாம், பாதி கொடுத்துப் பிடுங்கிக்கொள்ளலாம், வேறு யாருடைய வீட்டிலாவது கொண்டுபோய் இறக்கிவிடலாம், கடைசி வரை கொடுக்காமலே விடலாம். குளம்பொலியும் வாள் ஓசையும் இதற்கு மேலே தூவுகிற கொத்தமல்லி.

இசையமைப்பாளர் ஹொசைன் அலிசாதேயின் நே நவா என்ற படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1983, ஈரான்–இராக் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஒற்றை நே, எதிரே மேற்கத்தியத் தந்தி வாத்தியக் குழு. நே வாசித்தவர் ஜம்ஷித் அந்தலீபி. பகுதிகளின் பெயர்களைப் பாருங்கள்: தராமத், நக்மே, ஜாமேதரான், நஹொஃப்த், ஃபொரூத், கடைசியில் சமா என்ற சூஃபி நடனம். கடைசியைத் தவிர மற்றதெல்லாம் ரதீஃபைப் படித்தவனுக்குப் பாடப்புத்தகப் பெயர்கள். போர் என்றோ மரணம் என்றோ ஒரு பகுதிக்கும் பெயர் வைக்கவில்லை. ஆனால் ஃபொரூத் வருகிற இடத்தில் கேட்டுப் பாருங்கள், திரும்பி வந்தவன் கிளம்பியவனாக இல்லை. நே அதே சுரத்தில்தான் வந்து அமர்கிறது, ஆனால் அடியில் தந்திகள் நிற்கிற நிலை வேறு.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். சஹார்கா என்ற தஸ்த்காவில் தொடங்குங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. நம் காதுக்குச் சொல்வதானால் மாயாமாளவகௌளை ராகம் மாதிரியான அமைப்பு, ரியும் தாவும் மட்டும் கால் சுரம் போலக் கொஞ்சம் ஏறி நிற்கும். வீரம் என்றால் ஈரானியர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். மீர்ஸா அப்தொல்லா என்ற பழைய ஆசானின் ரதீஃபில் சஹார்காவுக்குள்ளேயே பஹ்லவி, ரஜஸ் என்று இரண்டு குஷேக்கள் இருக்கின்றன. ரஜஸ் என்பது களத்தில் நின்று வீரன் தன் குலப்பெருமை சொல்லி அறைகூவும் பாட்டு. ருஸ்தமின் ஊர் ஸாபொல், அதே பெயரில் சஹார்காவில் ஒரு குஷே. இதை வைத்துப் பெரிதாக ஒன்றும் கட்ட வேண்டாம், ஆனால் இசைக்கிறவர் மனதில் இருக்கட்டும்.

சரி, மகனுக்கு? சேகா. சஹார்காவும் சேகாவும் பெயருக்குத்தான் இரண்டு தஸ்த்கா. ஸாபொல், மூயே, ஹெஸார், மொகாலெஃப், மக்லூப் என்று குஷேப் பெயர்கள் இரண்டிலும் ஒன்றே, வரிசையும் ஏறக்குறைய ஒன்றே. சுர இடைவெளிதான் வேறு. ஒன்று நெஞ்சை நிமிர்த்தும், மற்றது உள்ளே குழையும். ஒரே எலும்புக்கூட்டில் இரண்டு முகம். அப்பனும் மகனும் என்று எழுதி ஒட்டவே வேண்டாம்.

இன்னொன்று. சஹார்காவின் மொகாலெஃப் நிற்பது தா சுரத்தில். அந்தத் தாவையே ஆதாரமாக வைத்துச் சேகாவைக் கட்டினால் எத்தனை சுரம் மாறும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாக இறங்க வேண்டும், காகலி நிஷாதம் கைசிகியாக இறங்க வேண்டும். அவ்வளவுதான், மற்ற ஐந்தும் அப்படியே இருக்கும். அப்பன் தன் வீட்டைவிட்டு எட்டிப் போய் நின்று முறைக்கிற அதே இடம்தான் மகனுக்கு வீடு. சண்டையை முழுக்க இந்த ஒற்றைச் சுரத்தின் மேல் நடத்தலாம்.

குட்டிச்சுவர்:

சுரத்தை எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. இதெல்லாம் ரதீஃப் தெரிந்தவனுக்கு. தெரியாதவனுக்கு இது இரண்டு சோகமான ராகம்.

நீலாம்பரி:

தெரியாதவர்களுக்கு என்கிறீர்கள். ஈரானில் சாதாரண ஊர்க்காரர்களுக்கே இது ஓரளவு தெரிந்திருந்ததற்குக் காரணம் கச்சேரி இல்லை, தஃஸியே. கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட நிகழ்ச்சியை முஹர்ரம் மாதத்தில் நடித்துக் காட்டும் கூத்து. 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதில் யார் எந்த இசையில் பாட வேண்டும் என்பதற்கு மரபு உண்டு. ஹுசைனின் தம்பி அப்பாஸ் சஹார்காவில் பாடுவார். எதிர்ப்படையிலிருந்து ஹுசைன் பக்கம் வந்த ஹுர், அராக் என்ற குஷேயில். இமாம் ஹசனின் சிறு வயது மகன் அப்துல்லா ராக் குஷேயில் பாடுவான், அதனால் அந்த வடிவத்துக்கு ராகே அப்தொல்லா என்றே பெயர் நிலைத்துவிட்டது. (மாஹூர் தஸ்த்காவில் ராகே ஹிந்தி என்றும் ஒன்று உண்டு. அது எங்கிருந்து போன சரக்கு என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.)

எனக்கு மிகவும் பிடித்தது வில்லன்களுக்கான விதி. ஹுசைனின் எதிரியான யஸீதின் ஆட்களுக்குப் பாட்டே கிடையாது. அவர்கள் உரக்கக் கத்தி வசனம் சொல்வார்கள், அவ்வளவுதான். நல்லவனுக்குச் சுரம், கெட்டவனுக்குச் சத்தம். தலைமுறை தலைமுறையாக இதைப் பார்த்த மக்களுக்குச் சஹார்கா கேட்டதும் ஒரு உருவம் கண்ணில் வரும். அலிசாதே போன்றவர்கள் எழுதும்போது இந்தப் பழைய நினைவின் மேல்தான் எழுதுகிறார்கள்.

ஒரு யோசனை. உங்கள் கதையில் கெட்டவன் யார்? ருஸ்தமா? இல்லை. அரசன் கை காவூஸ். சொஹ்ராப் குத்துப்பட்டுக் கிடக்கும்போது அரசனிடம் உயிர்மருந்து இருக்கிறது. ருஸ்தம் ஆள் அனுப்பிக் கேட்கிறார். அப்பனும் பிள்ளையும் சேர்ந்துகொண்டால் நம் ஆட்சி என்னாகும் என்று காவூஸ் கொடுக்க மறுக்கிறார். சொஹ்ராப் செத்தபின் வந்த மருந்து என்று பாரசீகத்தில் இன்றைக்கும் பழமொழி இருக்கிறது. அந்தக் காவூஸுக்கு ஒரு சுரம் கூடக் கொடுக்காதீர்கள். தொம்பக் மட்டும்.

தோல்கருவி:

ஆஹா, எங்களைக் கெட்டவனாக்கிவிட்டீர்களே அக்கா. ஆனால் யோசனை பிரமாதம்.

தொம்பக் பற்றி நான் சொல்ல வந்தது வேறு. குளம்பொலியை விட்டுவிட்டு ஷாநாமாவின் சந்தத்தைப் பிடியுங்கள். ஐம்பதாயிரம் ஈரடிகளுக்கு மேல் உள்ள காவியம் முழுக்க ஒரே சந்தம், முதகாரிப். குறில் நெடில் நெடில், இது மூன்று முறை, நான்காவதில் கடைசி நெடில் இல்லை:

ததாதா ததாதா ததாதா ததா

ஸூர்ஹானே என்று பழைய உடற்பயிற்சிக் கூடம் உண்டு. அங்கே மொர்ஷெத் என்பவர் உயரத்தில் உட்கார்ந்து பெரிய தோல்கருவியை அடித்துக்கொண்டு ஷாநாமா பாடுவார், பக்கத்தில் ஒரு மணி தொங்கும், கீழே மல்லர்கள் கர்லாக்கட்டை சுற்றுவார்கள். இந்தச் சந்தம் ஒரு சொல்லும் இல்லாமல் கேட்டாலே ஈரானியக் காதில் ஷாநாமா வந்து உட்கார்ந்துவிடும். குட்டிச்சுவர் கேட்ட தலைப்பு இதுதான், தாளத்திலேயே இருக்கிறது.

பழைய_கேசட்:

ஈரானிய ஆவாஸ் வாசிப்பில் (தஸ்த்காவின் கிளை இல்லை, தாளக்கட்டில்லாமல் வாசிக்கும் முறைக்கும் அதே பெயர்) எப்போதுமே இதுதான் சங்கதி. தாளம் இல்லாமல் நீட்டி வாசிப்பது போல வெளியில் தெரியும், உள்ளே ஒரு கவிதை அடி ஓடிக்கொண்டிருக்கும். ஹசன் கஸாயீயின் நேயைக் கேளுங்கள். குழலைப் பல்லிடுக்கில் வைத்து வாசிக்கும் இஸ்ஃபஹான் பாணி. சொல் கேட்காது, ஆனால் அடி எங்கே முறிகிறது என்று கேட்கும்.

தந்திவாசி:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஒரு நடைமுறைச் சிக்கல். கமாஞ்சேயில் கட்டை கிடையாது, எந்தச் சுரத்துக்கும் வழுக்கிப் போய்விடலாம். சந்தூர் என்ன செய்யும்? பதினெட்டுக் குதிரை (தந்தியைத் தாங்கும் கட்டை), எழுபத்திரண்டு தந்தி, சுருதி சேர்த்தால் சேர்த்ததுதான். நடுவில் சஹார்காவிலிருந்து சேகாவுக்குப் போக இரண்டு சுரம் மாற வேண்டுமே.

அரைக்கால்_சுரம்:

அதை ஒரு வசதியாகவே ஆக்கிக்கொள்ளலாம். சந்தூரில் வலப்பக்கம் மஞ்சள் தந்திகள், கீழ்ஸ்தாயி. இடப்பக்கம் வெள்ளைத் தந்திகள், மேலே. மஞ்சளைச் சஹார்காவுக்குச் சேருங்கள், வெள்ளையைச் சேகாவுக்கு. தா இரண்டிலும் ஒன்றுதான். அப்பன் கீழே பித்தளையில், மகன் மேலே எஃகில். அடையாளம் தெரிகிற இடத்தில் இரண்டு மெஸ்ராபும், அதாவது இரண்டு சுத்தியலும், இரண்டு பக்கத்துத் தாவை மாறி மாறித் தட்டட்டும். அப்புறம் ருஸ்தமின் மெட்டை, சஹார்கா மூயேயை (மூயே என்றால் புலம்பல்), வெள்ளைத் தந்தியில் வாசிக்கச் சொல்லுங்கள். காந்தாரம் தானாகவே இறங்கித்தான் ஒலிக்கும், ஏனென்றால் அங்கே வேறு காந்தாரம் கிடையாது. தன் புலம்பலைத் தன் குரலிலேயே புலம்ப முடியாமல் போகும் அவருக்கு.

நீலாம்பரி:

இதைப் படித்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருந்தேன். செய்யுங்கள் தந்திவாசி.

குட்டிச்சுவர்:

சரி, சந்தூர் விஷயத்தில் வாயடைத்துப் போனேன். சந்தமும் ஒப்புக்கொள்ளக்கூடியது. ஆனால் ஒரு எதிர்வாதம் பாக்கி இருக்கிறது. இவ்வளவு திட்டம் போட்டு எழுதினால் பாரசீக இசையின் உயிரே போய்விடாதா? அந்த இடத்திலேயே பிறப்பதுதானே அவர்களுடைய பெருமை? தாளில் எழுதி, பன்னிரண்டு நிமிடமும் அளந்து வைத்தால் அது மேற்கத்திய சிம்ஃபொனிக் கவிதை, அதாவது கதை சொல்லும் ஆர்க்கெஸ்ட்ரா இசை. அதற்கு ஆள் ஏற்கெனவே இருக்கிறார்கள். இசையமைப்பாளர் பெஹ்ஸாத் ரஞ்ஜ்பரான் ஷாநாமாவை வைத்து முழு மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மூன்று துண்டு எழுதியிருக்கிறார். சீமுர்க், சியாவஷின் இரத்தம், ருஸ்தமின் ஏழு சோதனைகள். நன்றாகவே இருக்கின்றன. அதைக் கேட்டுக்கொள்ளலாமே.

அரைக்கால்_சுரம்:

ரஞ்ஜ்பரானுக்கு நானும் ரசிகன். ஆனால் அது வேறு கதவு.

எழுதியதும் எழுதாததும் ஒரே துண்டில் இருப்பதற்குக் கல்ஹோரைக் கேளுங்கள். கைஹான் கல்ஹோர், கமாஞ்சே, குர்திஷ் குடும்பம். அமைதி நகரம் என்ற துண்டு, ஹலப்ஜா பற்றியது. 1988 மார்ச் 16, சதாம் படை இரசாயனக் குண்டு வீசி ஏறத்தாழ ஐயாயிரம் குர்துகளைக் கொன்ற ஊர். புரூக்ளின் ரைடர் என்ற தந்தி நால்வர் குழுவோடு 2008-ல் வெளியிட்டார், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. தொடக்கத்தில் நிமிடக்கணக்கில் மெட்டே இருக்காது. வில் தந்தியில் உரசுவது, காற்று போல ஏதோ. யார் எப்போது நுழைவது என்பதைப் பெருமளவு கேட்டுக் கேட்டே தீர்மானிக்கிறார்கள். விமானச் சத்தம் வைக்கவில்லை, ஓலம் வைக்கவில்லை. ஓர் ஊர் அழிந்தபின் அங்கே என்ன மிஞ்சியிருக்குமோ அதிலிருந்து தொடங்கி, மெட்டு என்ற ஒன்று மெல்லக் கூடி வருகிறது.

தந்திவாசியும் மூன்று இடங்களை மட்டும் கல்லில் செதுக்கலாம்: தொடக்க ரஜஸ், குத்து விழும் இடம், சந்தூர் தா. நடுவில் உள்ளதற்கு எந்தக் குஷே, யார் முன்னால் போவது என்பது மட்டும் பேசி வைத்துக்கொண்டு ஆவாஸாக விடுங்கள். மல்லுக்கட்டில் கமாஞ்சே ஒரு வாக்கியம் சொன்னால் நே அதை வாங்கித் திருப்பிச் சொல்ல வேண்டும். ஜவாபே ஆவாஸ் என்று பாடகருக்குப் பின்னால் வாசிப்பார்களே, அதே முறை. மகன் அப்பனின் பேச்சை அப்படியே பேசுகிறான், இருவருக்கும் புரியவில்லை. இதை எழுதி வைத்தால் செத்துவிடும், குட்டிச்சுவர் அதில் சொல்வது சரி.

தந்திவாசி:

இப்போதைய வடிவம் இது. தொம்பக் தனியாக முதகாரிப் சந்தம். கமாஞ்சே சஹார்கா தராமத், ரஜஸ், ஒரு முழு ஃபொரூத். நே தூரத்திலிருந்து சேகா. முதல் மல்லுக்கட்டு மொகாலெஃப்பில், நே மேலே நிற்கிறது, கமாஞ்சே பாதி ஃபொரூதில் நழுவித் தப்பிக்கிறது. இரண்டாவது மல்லுக்கட்டு குறுகியது. குத்து. அதற்குச் சத்தம் எதுவும் வைக்கவில்லை, நே ஒரு வாக்கியத்தின் நடுவில் நிற்கும். அப்புறம் சந்தூர். அப்புறம் காவூஸுக்குத் தொம்பக். கடைசியில் கமாஞ்சே ஃபொரூதைத் தொடங்கும், ஆனால் சஹார்காவின் ஆதார ஷட்ஜத்துக்குப் போகாது, தாவிலேயே, மகன் வீட்டிலேயே முடியும்.

பழைய_கேசட்:

எனக்கு முடிவில் உடன்பாடு இல்லை தம்பி. நக்காலி என்ற கதைசொல்லும் கலையில் கதைசொல்லிகள் சொஹ்ராப் சாவோடு எழுந்து போய்விட மாட்டார்கள். கூட்டத்தைக் கதையிலிருந்து வெளியே கொண்டுவந்து, பிரார்த்தனை சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்கள். நே நவாவிலும் ஃபொரூதுக்குப் பிறகு சமா நடனம் இருக்கிறது. பழைய கச்சேரி முறையிலும் கடைசியில் ரெங் என்று ஆட்டத் தாளத்தில் ஒன்று வாசித்துத்தான் எழுவார்கள். ரெங் வைக்கச் சொல்லவில்லை. ஆனால் கேட்பவனைத் தாவில் தொங்கவிட்டுப் போவது கொஞ்சம் இரக்கமில்லாத வேலை.

அரைக்கால்_சுரம்:

இரக்கமில்லாத கதைதானே ஐயா. நான் தாவுக்கே ஓட்டுப் போடுகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை: தொடக்கத்தில் வரும் அந்த முழு ஃபொரூதை ஒன்றுக்கு இரண்டு முறை வாசியுங்கள், ஒரு சுரமும் மாற்றாமல். அதைக் கேட்டு மனதில் வாங்கியவனுக்குத்தான் கடைசியில் அது வராதது உறைக்கும். குட்டிச்சுவர் சொன்ன ரதீஃப் தெரியாத ஆளுக்கும் அப்போது உறைக்கும்.

குட்டிச்சுவர்:

அந்த ஆள் சார்பில் ஏற்றுக்கொள்கிறேன்.

தோல்கருவி:

தந்திவாசி, காவூஸ் பகுதிக்கு ரீஸ் வைக்காதீர்கள். பத்து விரலும் உருள்கிற அந்த ஓசை அழகாக இருக்கும், அரசனுக்கு அழகு வேண்டாம். தோம், பக் இரண்டு மட்டும், முதகாரிப் அளவிலேயே. நான்காவது சீரில் ஒரு நெடில் குறைகிறது அல்லவா, மற்ற இடங்களில் அதை நிரப்பி வாசித்தாலும் இங்கே நிரப்ப வேண்டாம். உங்கள் தொம்பக்காரர் நிரப்பத்தான் பார்ப்பார், எங்கள் கை சும்மா இருக்காது. ஒத்திகையிலேயே சொல்லிவிடுங்கள்.